விடை எழுதாத வலப்பக்கம்

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. முறைப்படி இதை என் தம்பிதான் எழுதியிருக்க வேண்டும். "அக்கா, எனக்கு வராது. நீயே எழுது" என்று விட்டுவிட்டான். எழுத உட்கார்ந்த நான்கு முறையும் கோபம் வந்து எழுந்துவிட்டேன். மறைந்தவர் மேல் கோபத்தை வைத்துக்கொண்டு நினைவு மலரில் எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் வெறும் புகழ்ச்சியாக எழுதினால் அப்பாவே ஏற்கமாட்டார். "எதிர்க்கட்சி எங்கம்மா?" என்று கேட்பார். எனவே இரண்டையும் எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது கீழ்பென்னாத்தூரை ஒட்டிய ஒரு சிற்றூரில். நெல்லும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் பயிரிட்ட குடும்பம். ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவர். அவர் பள்ளிப் படிப்பை முடித்த ஆண்டே தாத்தா காலமாகிவிட்டார். பகலில் கொல்லை வேலை, மாலையில் டைப்ரைட்டிங் வகுப்பு என்று இரண்டு ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார். பேருந்துக்குக் காசு இல்லாத நாட்களில் நடந்தே போவாராம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தேறி, திருவண்ணாமலையில் நீதிமன்றத்தில் தட்டச்சராகச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அதே வேலை. சின்ன அலுவலர்தான். ஆனால் "வாதி, பிரதிவாதி ரெண்டு பேருக்கும் ஒரே விரல்ல அடிச்சவன் நான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

காலையில் ஒரு தரப்பின் வாதத்தை அடிக்கும்போது நியாயம் முழுவதும் அங்கேதான் இருப்பதாகத் தோன்றுமாம். மதியம் மறுதரப்பை அடிக்கும்போது அதே நியாயம் எழுந்து இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிடுமாம். இப்படிப் பேச மனிதர்கள் எங்கே கற்றார்கள், கல்லூரிகளும் அச்சுப் புத்தகங்களும் வருவதற்கு முன் நம் ஊர்ப்பக்கத்தில் ஒருவனைப் பேச்சில் தேர்ந்தவனாக எப்படி ஆக்கினார்கள் என்பது அப்பாவைப் பிடித்துக்கொண்ட கேள்வி. அதற்கு விடை தேடித்தான் பழைய இலக்கண உரைகளையும், மடங்களில் பாடம் நடந்த முறையைப் பற்றி யார் யாரோ எழுதி வைத்த குறிப்புகளையும் தேடித் தேடிப் படித்தார். பட்டம் இல்லை, பதவி இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அவர் கண்டதில் எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். அக்காலத்தில் ஒருவன் ஒரு நூலைப் படித்தான் என்பதைவிடப் பாடம் கேட்டான் என்றே சொல்வார்கள். ஏடு அரிது. எனவே காதுதான் புத்தகம். கேட்டதைத் திரும்பச் சொல்ல வேண்டும், பிறகு இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் மடக்க வேண்டும். புது நூல் எழுதியவர் அதை அவையில் படித்துக் காட்டும்போது கற்றவர்கள் தடை எழுப்புவார்கள். தடைக்கு விடை சொல்லாமல் அடுத்த பாட்டுக்குப் போக முடியாது. பழைய உரைகளிலும் இதே கதைதான். உரைகாரர் அமைதியாகப் பொருள் சொல்லிக்கொண்டே வருவார். திடீரென்று "அப்படியானால் இது எப்படிப் பொருந்தும்?" என்று ஒரு குரல் குறுக்கிடும். அவர் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார்.

அந்தக் குரல் யாருடையது? அப்பாவின் எண்ணம் இது: என்றோ ஒரு நாள் பாடம் கேட்டுக்கொண்டிருந்த மாணாக்கன் ஒருவன் உண்மையாகவே அதைக் கேட்டிருக்கிறான். அவன் பெயர் போய்விட்டது, கேள்வி மட்டும் ஏட்டில் தங்கிவிட்டது. "கேட்டவனை மறந்தாலும் கேள்வியை மறக்கல பாரு, அதாம்மா படிப்பு" என்பார்.

அப்பாவின் நோட்டுகளும் அந்த முறையில்தான் இருக்கும். இடப்பக்கம் தடை, வலப்பக்கம் விடை. நடுவில் நூல் பிரியாமல் நோட்டு விரிந்து கிடக்க வேண்டும் என்பதால் கடையில் வாங்கமாட்டார். பைண்டிங் கடை வைத்திருக்கும் ரஹீம் பாயிடம் வெள்ளைத்தாள் கொடுத்துத் தைத்து வாங்குவார். பாய் அப்பாவுக்கு நீதிமன்றக் கட்டுகளைத் தைத்துக் கொடுத்த காலத்திலிருந்து சிநேகிதர். "சார், ஊர்ல எல்லாரும் கணக்கு எழுத நோட்டு தைக்கறாங்க. நீங்க சண்டை போட தைக்கறீங்க" என்பார்.

இந்தச் சண்டை வீட்டுக்குள்ளும் வந்தது. எந்த முடிவும் எடுக்கும் முன் யாராவது ஒருவர் எதிர்க்கட்சி பேசியாக வேண்டும். அதுவும் ஒப்புக்குப் பேசக்கூடாது. எதிராளி தானே வந்து பேசினாலும் அவ்வளவு நன்றாகப் பேச முடியாதபடி பேச வேண்டும். ஃபிரிட்ஜ் வாங்குவதற்கு என்னைத் தடை சொல்லச் சொன்னார். நான் பேசிய பேச்சில் ஃபிரிட்ஜ் ஓராண்டு தள்ளிப்போனது. "ஒரு பொட்டி வாங்கறதுக்கு கோர்ட்டு வெச்சு, அதுவும் தோத்துப் போற வூடு இது ஒண்ணுதான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். என் திருமணம் பேசியபோதும் மாப்பிள்ளை வேண்டாம் என்பதற்கான காரணங்களை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அடுக்கிவிட்டேன். கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த என் கணவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். இன்றும் குடும்பத்தில் எது தவறினாலும், "நீதான் அப்பவே தெளிவா சொன்னியே" என்கிறார்.

கல்லூரியில் படித்தபோது ஒருநாள் அப்பாவை மடக்கினேன். அவர் பழைய நூல் அரங்கேற்றங்களைப் பற்றி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த அவையில நான் இருந்தா எங்கப்பா உக்காந்திருப்பேன்?"

"பாட்டு எழுதின பொம்பளைங்க அந்தக் காலத்துலயே இருந்தாங்கம்மா."

"எழுதினவங்களைக் கேக்கல. மடத்துல வந்து பாடம் கேட்டவங்க எத்தனை பேரு? நம்ம ஊர்க்காரங்க, மல்லாட்டை புடுங்கறவங்க, அவங்களை உள்ள வுட்டாங்களா? நீங்க சொல்ற தடை விடை எல்லாம் உள்ள உக்காந்தவங்களுக்குத்தானே?"

அப்பா என் கேள்வியை நோட்டின் இடப்பக்கம் அப்படியே எழுதிக்கொண்டார். சில மாதங்கள் கழித்து நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. "தேடிப் பார்த்தேன். ஒண்ணு ரெண்டு பேரைக் காட்டித் தப்பிக்கலாம், அது விடையாகாது. விடை இல்லாட்டி பக்கத்தை வுட்டுடணும், வேற எதையும் எழுதி நிரப்பக்கூடாது. நீ ஜெயிச்சுட்டம்மா" என்றார். என் வாழ்நாளில் நான் வாங்கிய பரிசுகளில் அதற்கு இணையானது இல்லை.

இதையெல்லாம் எழுதக் காரணம், அப்படிப்பட்டவர் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருப்பதுதான்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி மூன்று ஆண்டுகள் படுத்திருந்ததும், நான் வேலையை விட்டுவிட்டு உடன் இருந்ததும் உங்களில் பலருக்குத் தெரியும். அம்மா போன பிறகு மீண்டும் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா எங்களோடு வந்து தங்கினார். என் மகள் கயல் படிப்புக்காகச் சென்னை விடுதிக்குப் போனாள். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் அப்பாவின் குரல் சற்றே கரகரத்தது. கேட்டதற்கு, பழைய முறையில் பேச்சு கற்க வந்தவன் முதலில் வாயைக் கட்டிக் கேட்டுப் பழக வேண்டும், நோட்டுகளிலிருந்து தான் எழுதிவந்த நூலில் அந்த அத்தியாயத்தை எழுதும் முன் தானே ஒரு மண்டலம் இருந்து பார்க்கப் போவதாகச் சொன்னார். ஒரு மண்டலம் இரண்டாயிற்று, பிறகு ஓராண்டையும் தாண்டியது. சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார்.

வேறு எந்தக் குடும்பமாக இருந்தாலும் டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கும். நாங்கள் பெருமைப்பட்டோம். வந்தவர்களிடம், "அப்பா கேக்கற விரதத்துல இருக்காரு, பேச மாட்டாரு" என்று நானே சொன்னேன். எதிர்வீட்டு அம்மா, "கோர்ட்டு சாரும் மௌனச் சாமியார் ஆயிட்டாரா? மலையைச் சுத்தி ஏற்கெனவே ஜாஸ்தி, இதுல இவரு வேறயா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் ஓசையில்லாமல் சிரித்தார். விழுங்கச் சிரமப்பட்டபோது, பாடம் கேட்பவன் உணவு கம்மியாக உண்ண வேண்டும் என்று சீட்டு எழுதினார். நான் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். நோயாளிக்குக் கொடுக்கும் கஞ்சி. விரதம் என்று நினைத்துக்கொண்டு கொடுத்தேன்.

மாதம் ஒருமுறை சென்னை நூலகத்துக்கு என்று போவார். கயல் பேருந்து நிலையத்தில் வந்து அழைத்துக்கொள்வாள். பேத்தியும் தாத்தாவும் புத்தகம் தேடுகிறார்கள் என்று நான் மகிழ்ந்தேன். யார் யாருடைய இரத்தத்தையோ பார்த்து நாள்தோறும் முடிவு எழுதுகிறவள் நான். அப்பாவின் ஒரு துளியும் என் கைக்கு வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டார்.

சென்ற ஆண்டு ஒரு பௌர்ணமியன்று காலையில் அப்பா மூச்சுத் திணறி விழுந்தார். கயல் விடுமுறைக்கு வந்திருந்தாள். கிரிவலக் கூட்டம் அப்போதே சேரத் தொடங்கியிருந்ததால் தெருவுக்குத் தெரு தடுப்பு. ஆட்டோக்காரர் ஒவ்வொரு தடுப்பிலும் இறங்கிக் கெஞ்சி எங்களை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். அங்கே டாக்டர், "எப்பலேருந்து இருக்கு?" என்று கேட்டார். "என்ன எப்பலேருந்து?" என்றேன். கயல் தன் கல்லூரிப் பையைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

தொண்டையில் புற்று. பதினான்கு மாதங்களுக்கு முன்பே கண்டிருக்கிறார்கள். குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று சென்னையில் சொல்லியிருக்கிறார்கள். அப்பா மறுத்துவிட்டார். மறுப்புப் படிவத்தில் அவர் கையெழுத்துக்குக் கீழே உடன் வந்தவர் என்ற இடத்தில் என் மகளின் கையெழுத்து இருந்தது.

மருத்துவமனை நடையில் வைத்துக் கேட்டேன். யார் பார்த்தார்கள், கேட்டார்கள் என்பது எனக்கு நினைவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாடி உனக்கு?"

"தாத்தா சத்தியம் வாங்கிட்டாரும்மா."

"நான் உன்னைப் பெத்தவடி. அவரு என்னைப் பெத்தவரு. நடுவுல நான் மட்டும் முட்டாளா?"

"உங்ககிட்ட சொன்னா நீங்க ஆபரேஷன் பண்ணியே தீருவீங்க. பாட்டி மாதிரி திரும்ப ஆஸ்பத்திரியிலயே கெடப்பீங்க. தாத்தாவுக்குப் பேச்சும் போயிடும்."

"உயிரோட இருந்திருப்பாரு."

"இருந்திருப்பாரும்மா. அப்படி இருக்க வேணாம்னுதான் தாத்தா சொன்னாரு."

"அதை எங்கிட்டல்ல சொல்லியிருக்கணும்! ஃபிரிட்ஜுக்குத் தடை கேட்டவரு, இதுக்கு ஏன் கேக்கல?"

என்னை இன்றுவரை அறுப்பது அதுதான். நோய் யாருக்கும் வரும். ஆனால் ஒருதரப்பு மட்டும் கேட்டு எழுதிய தீர்ப்பு தீர்ப்பே இல்லை என்று எங்களை வளர்த்தவர், தன் உயிர் பற்றிய வழக்கில் என்னைக் கூப்பிடாமலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். நான் பேசித் தோற்றிருந்தால் தாங்கியிருப்பேன். பேசவே விடவில்லை.

அப்பா ஒன்பது நாட்கள் இருந்தார். தொண்டையில் குழாய். மூன்றாம் நாள் என் கையைப் பிடித்து விரலால் எழுதிக் காட்டினார். "நோட்டு" என்று புரிந்தது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இன்னும் நோட்டுதானாப்பா? எங்களைவிட உங்களுக்கு அதுதானே பெருசு" என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். மறுபடி எழுதவில்லை. அது நான் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சுகளில் ஒன்று. பேச்சைப் பற்றி ஆயுள் முழுதும் படித்தவரின் மகள் பேசிய பேச்சு.

காரியம் முடிந்த மறுநாள் ரஹீம் பாய் வந்தார். வாசலிலேயே நின்றார். கையில் புதிதாகத் தைத்த நோட்டு ஒன்று.

"மன்னிச்சுக்கம்மா. சார் பௌர்ணமிக்கு மொதநாள் குடுத்தாரு. எழுதின தாள்தான், தைச்சு வெய்யுன்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு. நான் படிக்கல. படிக்கற வழக்கமில்ல, தைக்கறதோட சரி."

"உங்களுக்காவது தெரியுமா பாய்?"

"தெரியாதும்மா. விரதம்னுதான் நானும் நெனச்சேன். அல்லா அறிய, தெரிஞ்சிருந்தா சார் சட்டையைப் புடிச்சு இழுத்தாந்து உன்கிட்ட நிறுத்தியிருப்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அந்த நோட்டைப் பிரிக்க எனக்குச் சில வாரங்கள் ஆயின. முதற்பகுதி வழக்கம்போல் மடம், பாடம், அவை. முடிவை ஒட்டி, எதிரெதிராக விரிந்த இரண்டு பக்கங்கள். இடப்பக்கத்தின் மேலே, "தடை: என் மகள்" என்று எழுதியிருந்தார். கீழே உள்ளதை அப்படியே தருகிறேன்.

"உங்கள் உடல் உங்களுடையது மட்டுமா? அம்மாவை என் கையில் ஒப்படைத்தபோது அந்தக் கையை நம்பினீர்கள். உங்களுக்கு மட்டும் அது ஏன் போதவில்லை? என் துன்பத்தைக் குறைப்பதாகச் சொல்லாதீர்கள். துன்பம் குறையவில்லை, அதைச் சுமக்கும் உரிமைதான் பறிபோயிற்று. குரல் போனால் வாழ்வு இல்லை என்கிறீர்கள். கேட்பதே கல்வியின் முதற்படி என்று எழுதியவர் நீங்கள். குரல் போனபின்னும் காது இருந்திருக்குமே, நாங்கள் பேச நீங்கள் கேட்டிருக்கலாமே? எல்லாவற்றுக்கும் மேலாக, பத்தொன்பது வயதுப் பெண்ணைச் சாட்சியாக்கினீர்கள். உங்களை இழக்கும் நாளில் அவள் தன் தாயையும் இழப்பாளே, அதை எண்ணினீர்களா?"

நான் நடையில் கத்தியதைவிட இது நன்றாக இருக்கிறது. எதிராளி தானே வந்து பேசினாலும் இவ்வளவு நன்றாகப் பேச முடியாது. என் தரப்பு அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னைக் கூப்பிடவில்லை. தெரியாமல் செய்திருந்தால் மன்னிப்பது எளிதாக இருந்திருக்கும்.

ஆனால் கடைசித் தடையை நான் எழுப்பவே இல்லை. என் நினைவிலேயே வரவில்லை. எழுதும்போது அவருக்கு வந்திருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது கயல் என்னோடு ஒழுங்காகப் பேசி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவள் பேசவில்லை என்பதைவிட நான் பேசவிடவில்லை என்பதே சரி. அன்றே போன் செய்தேன்.

"அம்மா?" என்றாள், பயந்த குரலில்.

"ஒண்ணுமில்ல. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"பதினாலு மாசம் அதைத் தனியா வெச்சுக்கிட்டு எப்படிடி தூங்கின?"

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். இன்றும் அவள் குரல் சற்றுக் கரகரத்தால், டாக்டரிடம் போனாயா என்று உடனே கேட்டுவிடுகிறேன். அவள் வீட்டுக்கு வரும்போது அவள் பையைப் பார்க்கக்கூடாது என்று என்னை நானே பிடித்து வைத்துக்கொள்கிறேன். சில நாட்கள் தோற்றுப்போய்ப் பார்த்துவிடுகிறேன். அவள் அதைக் கண்டும் காணாததுபோல் இருக்கிறாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. பௌர்ணமிக் கூட்டத்தில் வழி கேட்டு வாங்கிய, பெயர் கேட்க மறந்துபோன ஆட்டோக்காரர். கடைசி ஒன்பது நாட்களும் அப்பாவின் வாயைத் துடைத்துவிட்ட செவிலியர். சோறு சமைத்து அனுப்பிய எதிர்வீட்டு அம்மா. அன்று கேலி செய்ததற்காக அவர் இன்னும் வருந்துகிறார், வருந்த வேண்டாம், அப்பா அதை ரசித்தார். இரவு பகல் பாராது ஓடிய என் கணவரும் தம்பியும். கூலி வாங்க மறுத்து அப்பாவின் எல்லா நோட்டுகளையும் திரும்பத் தைத்துக் கொடுத்த ரஹீம் பாய். ஒரு சொல்லைக் காப்பதற்காக என் கோபத்தையும் தாங்கிய என் மகள் கயல். அவளுக்கு நன்றி எழுதும்போது பேனா நிற்கத்தான் செய்கிறது. எழுதிவிட்டேன்.

அப்பாவின் கடைசி நோட்டில் அந்தத் தடைக்கு எதிரே உள்ள வலப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. நேரமில்லாமல் விட்டிருப்பார் என்று தம்பி சொன்னான். இல்லை. அதற்கு அடுத்த தாளைப் புரட்டினால், நூலின் முன்னுரையில் யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று நிதானமாகப் பட்டியல் எழுதியிருக்கிறார்.

இக்கட்டுரை இந்த மலரின் இடப்பக்கத்தில் முடியும்படி அச்சிடச் சொல்லியிருக்கிறேன். எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறதே, ஒரு குத்துவிளக்குப் படமாவது போடலாமா என்று அச்சகத்தார் கேட்டார். வேண்டாம் என்றேன். அது அப்பாவின் பக்கம்.